கொலு வைக்கும் வீடுகளில் நேரும் தவறுகள்: முதலில் படி, பிறகுதான் கடை

மகாளய அமாவாசைக்கு முந்தைய சனி, ஞாயிறில், கொலு பொம்மை விற்கும் சென்னை மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கால் வைக்க இடமிருக்காது. கொலு வைக்கும் பல வீடுகளில் வாங்குவது, படி கட்டுவது, அலங்கரிப்பது எல்லாமே அந்த இரண்டு நாளில்தான் நடக்கின்றன. பொம்மை வீடு வந்து சேர்ந்த பிறகுதான் ‘படியை எங்கே போடுவது?’ என்ற பேச்சே எழுகிறது. கொலுவில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படி வரிசை மாறுவதால் வருபவைதான்.

கடைக்குக் கிளம்பும் முன் அளவு நாடாவை எடுங்கள். படி ஒவ்வொன்றும் 10 அங்குல ஆழம், 8 அங்குல உயரம் என்று வைத்தால், ஐந்து படிக்குச் சுவரிலிருந்து 50 அங்குலம் வேண்டும். நாலடிக்கும் மேல். ஒரு பக்கமாவது ஒன்றரை அடி இடைவெளி விடாவிட்டால் மேல்படிக்குக் கை எட்டாது. எட்டிப் பிடிக்கும்போதுதான் கீழ்ப்படிப் பொம்மை விழுந்து உடைகிறது. ஹாலில் அவ்வளவு இடம் இல்லையென்றால் மூன்று படி போதும். நெருக்கியடித்த ஐந்து படியைவிட நிதானமாக வைத்த மூன்று படி அழகு.

பொம்மையின் உயரத்தையும் படிதான் முடிவு செய்கிறது. வருகிறவர்கள் பாயில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர்கள் கண் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். அதற்கு மேலுள்ள படிகளை அவர்கள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அப்போது முன்படிப் பொம்மை பின்படியை இன்னும் அதிகமாக மறைக்கும். 8 அங்குலப் படியில் 10, 11 அங்குலத்துக்கு மேல் உயரமான பொம்மை வேண்டாம். பெரிய பொம்மை வாங்கியே ஆக வேண்டுமென்றால், அதற்கு இடம் உச்சிப் படி. கனமானதாக இருந்தால் படிக்குப் பக்கத்தில் தரையில் தனி மணை.

கடையில் நடக்கும் பெரிய தவறு, பெட்டியைத் திறக்காமல் வாங்குவது. தசாவதாரம் என்றால் பத்தும், அஷ்டலட்சுமி என்றால் எட்டும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் கண்ணாடி மேசைமேல் நிறுத்தி, தலையில் லேசாக விரல் வைத்து அழுத்துங்கள். ஆடினால் அடிப்பாகம் சமமில்லை. சுட்ட மண் பொம்மையை விரலால் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். மங்கலாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம். முதுகுப் பக்கம் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டக் கூடாது. காகிதக்கூழ் பொம்மை எடை குறைவு, எளிதில் உடையாது. ஆனால் ஈரத்தையும் பூச்சியையும் தாங்காது. எடுத்து வருவதற்கு டூவீலர் வேண்டாம். பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையம் வந்து நடப்பதே சுலபம். திரும்பும்போது ஆட்டோ பிடித்து, உடையும் பொம்மைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

துளையிட்ட இரும்பு ஆங்கிளில் படி கட்டுகிறவர்கள், முதல் போல்ட்டையே ஸ்பேனரால் முழுக்க முறுக்கிவிடுகிறார்கள். பிறகு எதிர்ப்பக்கத் துளை நேராக வராது, ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகி, நான்கு காலும் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு இறுக்குங்கள்.

துணிக்கும் கணக்கு உண்டு. ஐந்து படிக்கு உயரமும் ஆழமும் சேர்ந்து 90 அங்குலம். மடிப்பில் உள்ளே செருகப் படிக்கு ஓர் அங்குலம் கூடுதலாக வேண்டும். இழுத்துப் போர்த்தினால் பொம்மை வைத்ததும் துணி முன்னால் நகரும். எட்டு முழ வேட்டியின் நீளம் தாராளமாகப் போதும். அகலம் சுமார் 50 அங்குலம்தான் என்பதால், நாலடி அகலப் படிக்கு ஒன்று சரியாக இருக்கும். ஐந்தடிக்கு இரண்டு வேண்டும்.

விளக்கில் வரும் தவறு உயிருக்கே ஆபத்து என்பதால் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். சீரியல் பல்பு ஒயரை இரும்பு ஆங்கிளின் கூர்மையான விளிம்பில் சுற்றிக் கட்டாதீர்கள். இன்சுலேஷன் கிழிந்து செம்பு இரும்பைத் தொட்டால் படி முழுவதிலும் மின்சாரம் பாயும். படியைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குழந்தைகள். ஒயரைத் துணிக்கு மேலே, சட்டத்தைத் தொடாமல் கொண்டுபோங்கள். மெயின் போர்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால், அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தி வேலை செய்கிறதா என்று அன்றே பாருங்கள். ஒன்றின் வாலில் ஒன்றாக நாலைந்து சரத்தைக் கோப்பதும், ஒயரைப் பாய்க்கு அடியில் விடுவதும் கூடாது. குத்துவிளக்கைப் படிமேல் ஏற்ற வேண்டாம்; துணியிலிருந்தும் தெர்மாகோலிலிருந்தும் இரண்டடி தள்ளி, மின்விசிறிக் காற்று சுடரைத் துணிப்பக்கம் சாய்க்காத இடமாகப் பார்த்து வையுங்கள்.

கொலுவுக்குப் பக்கத்தில் குட்டிப் பூங்காவாக ‘பார்க்’ போடுகிறவர்கள், புல்லுக்காக வெந்தயத்தை ரொம்ப முன்னால் விதைத்துவிடுகிறார்கள். ஐந்தாறு நாளிலேயே பசுமையாக நிற்கும் முளை, அதன்பின் மஞ்சளாகிச் சாயும். அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு ஒரு தட்டு, நவராத்திரி மூன்றாம் நாள் இன்னொரு தட்டு என்று விதைத்தால் கடைசிவரை பச்சையாக இருக்கும். துளையில்லாத தட்டு அவசியம். இல்லையென்றால் ஈரம் கசிந்து மண் பொம்மையின் அடியை ஊறவைத்துவிடும்.

கொலு முடிந்து பொம்மைகளை எடுத்து வைக்கும் நாளில்தான் அவசரம் அதிகம். பழைய பொம்மையைத் தண்ணீரில் கழுவாதீர்கள், ஒரு அங்குல பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். செய்தித்தாளை நேரடியாகச் சுற்றினால் மை முகத்தில் ஒட்டும். உள்ளே பழைய பருத்தித் துணி, வெளியே செய்தித்தாள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டி வைக்கும், ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். படியில் விரித்த வேட்டியைக் கஞ்சியோடு அப்படியே பெட்டியில் வைக்காதீர்கள். கஞ்சியைத் தின்ன வரும் பூச்சி காகிதக்கூழையும் அரிக்கும். பெட்டியின் மேலே எந்தப் படி, எத்தனை பொம்மை என்று எழுதி, சமையலறைப் பரணைத் தவிர்த்து வேறு பரணில் கனமானதை அடியில் வைத்து அடுக்குங்கள்.