உயிலில் கிணறும் தடமும்: எங்கள் வீட்டில் எழுதியபோது கற்றுக்கொண்டவை

காங்கயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டம். அப்பாரு (அப்பாவின் அப்பா) 1994-இல் உயில் எழுதினார். மேல்புறம் மூன்று ஏக்கர் பெரியப்பாவுக்கு, கீழ்புறம் மூன்று ஏக்கர் அப்பாவுக்கு. பாகத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கிணறு மேல்புறத்தில் இருந்தது. ஊர் ரோட்டுக்குப் போகும் தடம் கீழ்புறத்தின் வழியாகப் போனது. உயிலில் கிணற்றைப் பற்றியும் ஒரு வரி இல்லை, தடத்தைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

அப்பாரு காலமான மூன்றாம் வருடம் கோடையில் தண்ணீர் அடியோடு இறங்கியது. பெரியப்பா மோட்டார் அறைக்குப் பூட்டுப் போட்டார். அடுத்த வாரமே அப்பா தடத்தின் குறுக்கே வேலியாகக் கிளுவைப் போத்து (கிளுவை மரக் கிளைகள்) நட்டார். ஒன்பது வருடம் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசாமல் இருந்தார்கள். என் கல்யாணத்துக்குப் பெரியப்பா வரவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து உடன்படிக்கை எழுதிப் பதிவு செய்தார்கள் என்றாலும், போன வருடங்கள் போனவைதான்.

அதனால் அப்பா தன் உயிலை எழுத உட்கார்ந்தபோது நானும் தம்பியும் ஆறு மாதம் இதற்காக அலைந்தோம். முதல்முறை எழுதுகிறவர்களுக்காக, செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்

இதை வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள், அதாவது முதலில் பாகம் பெறுகிறவர்கள். தாய் என்ற சொல்லைக் கவனியுங்கள். நாற்பது வயதில் ஒருவர் விபத்தில் போய்விட்டால் அவர் மனைவி, குழந்தைகளுக்குச் சமமாக அவருடைய அம்மாவுக்கும் ஒரு பாகம் உண்டு. அந்த அம்மாவும் பிறகு உயில் இல்லாமல் காலமானால் அந்தப் பாகம் அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரியும்.

பெண்களுக்கு விதி வேறு. பிள்ளை இல்லாமல் கணவனையும் இழந்த ஒரு பெண், தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டுக்கு உயில் எழுதாமல் போனால், அது முதலில் கணவர் வழி வாரிசுகளுக்குப் போகிறது. பெற்ற தாய் தகப்பன் அவர்களுக்கு அடுத்துத்தான். இதைத் தெரிந்துகொண்ட அன்றே நான் என் உயிலையும் எழுத முடிவு செய்தேன். வீட்டில் ஆண்கள் மட்டும் உயில் எழுதினால் போதும் என்ற எண்ணத்தை விடுங்கள். அம்மா பெயரில் ஒரு மனையோ, பத்துப் பவுன் நகையோ இருந்தாலும் அவருக்கும் ஓர் உயில் வேண்டும்.

"மகளுக்குச் சீர் செய்தாயிற்று, அதோடு சரி" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். சீர் வேறு, பாகம் வேறு. தமிழ்நாட்டில் 1989-இலேயே, நாடு முழுவதும் 2005-இலும், பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை வந்துவிட்டது. அந்த உரிமை பிறப்பாலேயே வருகிறது, 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. மகளிடம் பேசாமல் எழுதுகிற உயில் அவளைக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி எழுதுகிற கடிதம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எது நம்முடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தானே வாங்கிய சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டும்தான் எழுதலாம். அப்பாருவிடமிருந்து உயில் வழியாக வந்த நிலம் இந்த இரண்டில் எது என்பது அந்த உயிலின் வாசகத்தைப் பொறுத்தது. எங்களுக்கு வக்கீலிடம் ஒரு மாலை முழுவதும் போனது இதற்காகத்தான். அந்தக் கட்டணம் வீணில்லை.

முஸ்லிம் குடும்பங்களுக்கு விதி வேறு. மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) நான்கையும் ஒரே கோப்பில் சேருங்கள். கூட்டுப்பட்டாவாக இருந்தால் முதலில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். பட்டியலைக் கணினியில் அடிப்பதைவிட ஒரு நீளமான கோடு போட்ட நோட்டில் பெரியவர் கையாலேயே எழுதச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கும். எழுத எழுத அவர்களுக்கு நினைவு வருகிறது. எட்டாம் பக்கத்தில்தான் அப்பாவுக்குக் கூட்டுறவு வங்கியில் இருந்த ஒரு பழைய பங்குத்தொகை நினைவுக்கு வந்தது.

சொத்து விவரம்: இங்கே நின்று நிதானமாகச் செய்யுங்கள்

உயிலின் முன்பகுதியை எல்லோரும் அழகாக எழுதிவிடுகிறார்கள். பிரச்சினை எல்லாம் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில் இருக்கிறது.

முதலில் அளவு. பழைய பத்திரம் ஏக்கர், சென்ட் கணக்கில் இருக்கும். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். மூன்று ஏக்கர் என்பது பட்டாவில் 1.21.5 (1 ஹெக்டேர் 21.5 ஏர்) என்று நிற்கும். இரண்டையும் எழுதுங்கள். பழைய சர்வே எண், மறுஅளவை எண் இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்தது செக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளையும் சொல்லும் வரிகள். நான் தடுமாறிய இடம் இதுதான். நம் பத்திரங்களில் "இன்னார் நிலத்துக்குக் கிழக்கு" என்று இருந்தால், நம் நிலம் அவர் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது, அவர் நமக்கு மேற்கே இருக்கிறார் என்று பொருள். நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பெரியப்பா நிலம் எங்களுக்கு மேற்கே இருக்கிறது என்பதால் "பெரியப்பா நிலத்துக்கு மேற்கு" என்று எழுதிவிட்டேன். அந்த வரியின்படி பார்த்தால் எங்கள் பூமி பெரியப்பா நிலத்தைத் தாண்டி அடுத்த ஆளின் தென்னந்தோப்பில் போய் விழுகிறது. தட்டச்சு செய்தவரும் கவனிக்கவில்லை. அப்பாதான் படித்துக்கொண்டே வந்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அம்மிணி, இது நம் பூமி இல்லையே" என்றார். அதன் பிறகு நாங்கள் கண்டுபிடித்த வழி எளிது: நிலத்தின் நடுவில் நின்று, கையில் புலப்படத்தை வைத்துக்கொண்டு, நான்கு வரிகளையும் சத்தமாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் பாருங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய செக்குபந்தியை நம்பாதீர்கள்.

மூன்றாவது, தடம். பழைய பத்திரங்களில் "மாமூல் தடம்" (வழக்கமாகப் போய்வரும் தடம்) என்று மட்டும் இருக்கும்.

"மாமூல் தடம் என்று எழுதினால் எல்லோருக்கும் தெரியுமே" என்றார் அப்பா.

"எத்தனை அடி என்று நாளைக்குக் கேட்டால் யார் சொல்வார்கள், அப்பா? நீங்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்."

அவர் கணக்கில் அது மாட்டு வண்டி போகிற அகலம். தம்பி டேப் பிடித்து அளந்தபோது சில இடங்களில் ஒன்பது அடி, வேப்பமரத்துத் திருப்பத்தில் ஏழரை அடிதான் இருந்தது. தேங்காய் ஏற்ற வரும் லாரி அந்தத் திருப்பத்தில் திரும்பவே முடியாது. அப்பா வெகுநேரம் அந்த மரத்தடியில் நின்றார். பிறகு "பதினாறு அடி என்று எழுது" என்று தம்பியிடம் சொன்னார். எந்தப் புல எண்ணில், எந்தப் பக்கமாக, எந்த ரோடு வரைக்கும், எத்தனை அடி அகலத்தில், ஆளும் கால்நடையும் வண்டி வாகனமும் போக வர என்று முழுதாக எழுதினோம். வேப்பமரத்தை வெட்டக் கூடாது, தடம் அதைச் சுற்றிப் போக வேண்டும் என்பது அப்பா தானாகச் சேர்த்த வரி. ஒன்றை மறக்காதீர்கள்: உங்கள் நிலத்துக்குள் போகும் தடத்தைத்தான் நீங்கள் உயிலில் அகலப்படுத்த முடியும். அடுத்தவர் நிலத்தில் போகிற தடத்துக்கு அவரோடு தனியாகப் பத்திரம் வேண்டும்.

நான்காவது, கிணறு. "கிணற்றில் பாதி பாத்தியம்" (பாதி உரிமை) என்று மட்டும் எழுதாதீர்கள். கிணறு எந்தப் புல எண்ணில் இருக்கிறது, யாருக்கு எத்தனை பங்கு, யார் எந்த நாளில் மோட்டார் ஓட்டுவது, தண்ணீர்க் குழாய் யார் நிலத்தின் வழியே போகிறது, தூர் வாரும் செலவு எப்படி, போர்வெல் இருந்தால் அது யாருடையது, எல்லாவற்றையும் எழுதுங்கள். விவசாய மின் இணைப்பின் எண்ணையும் சேருங்கள். எங்கள் வீட்டில் இணைப்பு இன்னமும் அப்பாரு பெயரிலேயே இருந்தது. உயிலுக்கு முன் அதைப் பெயர் மாற்றிவிட்டோம்.

வாசகம்

எளிய தமிழ் போதும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் பெயர், வயது, முகவரி. சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறார் என்ற வரி. இதற்கு முன் எழுதிய உயில்கள் ரத்து என்ற வரி. இதில் சொல்லாத சொத்தும் இனிமேல் சேரும் சொத்தும் யாருக்கு என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். யாருக்காவது குறைவாகக் கொடுத்தால் காரணத்தையும் எழுதுங்கள்.

அம்மாவுக்கு வீட்டில் ஆயுள் பாத்தியம் (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) எழுதுவது நம் வழக்கம். அந்த ஒரு வரியை மட்டும் வக்கீலிடம் காட்டாமல் எழுத வேண்டாம். ஜீவனாம்சத்துக்குப் பதிலாகக் கொடுத்தது என்று பொருள் வந்தால் அது முழு உரிமையாக மாறக்கூடும்.

உயிலுக்குப் பதில் தான செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம்) எழுதிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். உயிருள்ளவரை உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதினால் சொத்து அன்றே கைமாறிவிடும். வயதான பெற்றோருக்கு நான் உயிலைத்தான் சொல்வேன். மீறி செட்டில்மென்ட் எழுதினால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். பராமரிக்காவிட்டால் 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி ரத்து செய்யக் கேட்க அந்த வரி உதவும்.

சாட்சிகள்

குறைந்தது இரண்டு சாட்சிகள். எழுதியவர் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், அவர் முன்னிலையில் அவர்களும் போட வேண்டும். பிற்பாடு வழக்கு வந்தால் ஒரு சாட்சியாவது வந்து சொல்ல வேண்டும். அப்பாருவின் உயிலுக்குச் சாட்சி அவர் வயதுச் சிநேகிதர்கள் இருவர். தேவைப்பட்ட காலத்தில் இருவருமே இல்லை. சாட்சிகள் எழுதுபவரைவிட இருபது வயதாவது இளையவர்களாக, சொத்தில் பாகம் இல்லாதவர்களாக இருக்கட்டும். எழுபது தாண்டியவர் எழுதினால் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் ஒரு சாட்சியாக இருப்பது மிக நல்லது.

பாகம் வாங்குகிறவரே முன்னின்று உயில் எழுதவைத்தால் அது சந்தேகத்துக்கு இடம் தரும் என்று உச்ச நீதிமன்றம் 1959-இலேயே சொல்லியிருக்கிறது. அதனால் கையெழுத்தாகும் நாளில் நானும் தம்பியும் அந்த அறையில் இல்லை. பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம்.

பதிவு

கட்டாயம் இல்லை. இருந்தாலும் செய்யுங்கள் என்பது என் உறுதியான கருத்து. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதியவரும் இரு சாட்சிகளும் அடையாளச் சான்றோடு போனால் போதும். பதிவானாலும் சாட்சியின் தேவை போகாது, ஆனால் உயில் காணாமல் போகாது.

வங்கி, காப்பீட்டில் நாமினி போட்டிருப்பதால் உயில் வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். வங்கியைப் பொறுத்தவரை நாமினி பணத்தை வாங்கித் தருகிறவர்தான், அதனாலேயே அவர் சொந்தக்காரர் ஆவதில்லை. நாமினியும் உயிலும் ஒரே பெயரைச் சொன்னால் நல்லது.

பின்சேர்க்கை 1: "பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடுமே, பிள்ளைகள் சண்டைக்கு வருவார்களே" என்று பெருந்துறையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். தெரியாது. உயில் பதிவு அலுவலகத்தில் தனியாக இருக்கும் 3-ஆம் புத்தகத்தில் பதிவாகிறது, அது வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோ மட்டுமே நகல் தருவார்கள். காலமான பிறகு யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும். ஆகவே எந்த அலுவலகத்தில், எந்த ஆண்டு, என்ன எண்ணில் பதிவானது என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

பின்சேர்க்கை 2: ப்ரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்க வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நம் பக்கம் எழுதி, நம் பக்கத்து நிலத்தைப் பற்றிய உயிலுக்கு அது கட்டாயம் இல்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உயில் மூன்றையும் வைத்துப் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். வேறொரு வாரிசு ஆட்சேபித்தால் வருவாய்த்துறை தீர்க்காது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

பின்சேர்க்கை 3: போன மாதம் பெரியப்பாவும் தன் உயிலை எழுதினார். தடத்தின் அகலத்தை அப்பாவிடம் போன் செய்து கேட்டுக்கொண்டு, அதே பதினாறு அடி என்று தன் பக்கத்துத் தடத்துக்கும் போட்டிருக்கிறார்.