ஈஸ்ட் மணிகளால் சர்க்கரையைப் பிளப்பது எப்படி? வேலூர் மாணவர்களுக்கு ஒரு செய்முறை

சர்க்கரையைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாகப் பிளக்க அமிலம் ஊற்றிச் சூடாக்கலாம். பிறகு அந்த அமிலத்தைச் சமன்செய்யக் காரம் வேண்டும். கடைசியில் மிஞ்சுவது உப்புக் கழிவு. ஈஸ்ட்டில் உள்ள இன்வர்டேஸ் என்ற நொதி (வினையை விரைவுபடுத்தும் புரதம்) இதே வேலையை அடுப்பு இல்லாமல், வெறும் தண்ணீரில் செய்துவிடும். ஆனால் நொதியைக் கரைசலில் கலந்துவிட்டால் திரும்ப எடுப்பது கடினம். ஒரு திடப்பொருளில் அதைப் பிடித்து நிறுத்தினால் வடிகட்டி மறுபடியும் பயன்படுத்தலாம். கரியில் ஒட்டிய இன்வர்டேஸ் வேலை செய்வதை நெல்சன், கிரிஃபின் என்ற இரு வேதியியலாளர்கள் 1916-லேயே காட்டிவிட்டார்கள். 1969-இல் ஜப்பானின் தனாபே செய்யாகு நிறுவனம் அமினோ அமிலத் தயாரிப்புக்காக இந்த முறையைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தது.

நாம் ஈஸ்ட்டைச் சிறு ஜெல் மணிகளுக்குள் அடைக்கப் போகிறோம். தேவையானவை: சோடியம் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து கிடைக்கும், கால்சியம் பட்டால் ஜெல்லாக இறுகும் பொருள்), கால்சியம் குளோரைடு, பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் உலர் ஈஸ்ட், ஊசி இல்லாத சிரிஞ்சு, மருந்துக்கடையில் விற்கும் சிறுநீர்ச் சர்க்கரைப் பரிசோதனைப் பட்டை. அந்தப் பட்டை குளுக்கோஸுக்கு நிறம் மாறும், பிளக்காத சர்க்கரைக்கு மாறாது. அதன் நுனியில் இருப்பதும் உலர்த்தி நிறுத்திய நொதிதான்!

முதல் படி: ஆல்ஜினேட் கரைசல்

பலர் சறுக்குவது இங்கேதான். 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரைக் கலக்கிக்கொண்டே 1.5 கிராம் ஆல்ஜினேட்டைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டும். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் இதற்கு ஆகவே ஆகாது. அதிலுள்ள கால்சியம், மணி உருவாகும் முன்பே ஆல்ஜினேட்டை இறுக்கத் தொடங்கிவிடும். இரவு முழுவதும் மூடி வைத்தால் குமிழிகள் அடங்கும்.

இரண்டாம் படி: மணி

2 கிராம் ஈஸ்ட்டை 25 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஆல்ஜினேட்டுடன் சேருங்கள். 200 மி.லி. நீரில் 4 கிராம் கால்சியம் குளோரைடைக் கரைத்து, அதில் ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக இருந்து சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுந்த கணத்தில் சொட்டு உருண்டை மணியாகும். அரை மணி நேரம் அப்படியே இறுகட்டும்.

கண்டிப்பாகச் சொன்னால், இங்கே நாம் நிறுத்துவது தனி நொதியை அல்ல, நொதியைச் சுமக்கும் உயிரணுவை. தனி நொதி ஆல்ஜினேட் வலையின் துளைகள் வழியே மெல்லக் கசியும். ஈஸ்ட் உயிரணு பெரிது, அவ்வளவு எளிதில் வெளியேறாது.

மூன்றாம் படி: கழுவிச் சோதித்தல்

மணிகளைக் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கடைசியாகக் கழுவிய நீரைக் கொட்டாதீர்கள். அதில் கொஞ்சம் சர்க்கரை கலந்து அரை மணி நேரம் வைத்துப் பட்டையை நனையுங்கள். நிறம் மாறினால் மணிக்கு வெளியே நொதி இருக்கிறது. மறுபடி கழுவ வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டாத மணியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வினை நடந்தது மணியிலா, கசிந்த நீரிலா என்று பிறகு சொல்லவே முடியாது.

நான்காம் படி: வினை

5 கிராம் சர்க்கரையைக் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். பாதியை மணிகளோடும் மீதியைத் தனியாகவும் அரை மணி நேரம் வையுங்கள். மணி இருந்த கரைசலில் மட்டும் பட்டை நிறம் மாற வேண்டும். அதிக நேரம் விட்டால் ஈஸ்ட் நொதிக்கத் தொடங்கி, வாயு சேர்ந்து மணிகள் மிதக்கும். வேலூர் வெயிலைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்வர்டேஸ் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் சுறுசுறுப்பாகவே இயங்கும். இந்த நொதிக்கு லேசான புளிப்பு பிடிக்கும் என்று படித்துவிட்டு எலுமிச்சை பிழியாதீர்கள். சிட்ரேட் கால்சியத்தைப் பறித்து மணியைக் கரைத்துவிடும்.

வடிகட்டி, கழுவி, அதே மணிகளைப் புதிய சர்க்கரைக் கரைசலில் போடுங்கள். இந்த இரண்டாம் சுற்றுக்காகத்தான் இத்தனை பாடும். கரைசலைக் குடிக்க வேண்டாம்.

தோல் பதனிடும் ஊர்களான ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு கேள்வி எழும்: தோலில் முடி நீக்கச் சோடியம் சல்பைடுக்குப் பதிலாக இப்படி நிறுத்திய நொதியைப் பயன்படுத்தலாமா? புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் அந்த வேலையைச் செய்யும். ஆனால் அவை தோலுக்குள் ஊடுருவ வேண்டும். மணிக்குள் அடைபட்ட நொதியால் அது முடியாது. வினைபடும் பொருள் கரைந்து நொதியைத் தேடி வரும் இடங்களுக்கே இந்த உத்தி பொருந்தும்.