ஹார்ட் ராக் மறுவெளியீடுகள்: வாங்குவதிலும் பாதுகாப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் இருந்துகொண்டு ஹார்ட் ராக் ஆல்பம் சேர்ப்பவர்களுக்குச் சரக்கு பெரும்பாலும் மூன்று வழியில் வருகிறது. வளைகுடாவிலிருந்து எப்போதோ வந்து பரணில் கிடக்கும் பெட்டி, திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு பழைய சாமான் கடை, இணையத்தில் வரவழைக்கும் புது மறுவெளியீடு. எந்த வழியில் வந்தாலும் பணம் வீணாவது ஒரே காரணத்தால்தான். ஆல்பத்தின் பெயரையும் அட்டைப்படத்தையும் பார்த்து வாங்கிவிடுகிறோம். உள்ளே இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்ப்பதில்லை. ஒரே பெயரில் நாலைந்து பதிப்புகள் உலவும் துறை இது. சிலவற்றில் வாசித்த ஆட்களே வேறு.

ரீமாஸ்டர் என்று நினைத்து ரீமிக்ஸை வாங்குவது

டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனித் தடங்களாகப் பதிவாகும். அவற்றை அளவு பார்த்துச் சேர்த்து ஸ்டீரியோ டேப்பாக்குவது மிக்ஸ். முடிந்த அந்த டேப்பின் ஒலியைச் செப்பனிட்டு ரெக்கார்டுக்கோ சி.டி.க்கோ தோதாக்குவது மாஸ்டரிங். ஆகவே ரீமாஸ்டரில் பழைய கலவை அப்படியே இருக்கும், தெளிவும் சத்தமும் மட்டும் மாறும். ரீமிக்ஸில் கலவையே புதிது. கிட்டார் முன்னே வரலாம், எதிரொலி போகலாம், வேறு சோலோ கூட வரலாம்.

இதில் நன்றாக அடிபட்டவை இசட்இசட் டாப் குழுவின் தொடக்ககால ஆல்பங்கள். 1987-இல் 'சிக்ஸ் பேக்' தொகுப்புக்காக அவற்றை எண்பதுகளின் பாணிக்கு ரீமிக்ஸ் செய்தார்கள். டிரம்ஸ் மேல் டிஜிட்டல் எதிரொலி ஏறியது. டெக்சஸ் புளூஸின் வறண்ட, நெருக்கமான ஒலி போயே போய்விட்டது. தனித்தனி சி.டி.களும் அந்தக் கலவையிலேயே வந்தன. 1973-இன் 'ட்ரெஸ் ஹோம்ப்ரெஸ்' பழைய கலவையோடு சி.டி.யில் கிடைக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே தொண்ணூறுகளின் சி.டி. மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

இதைவிட மோசமானது ஆஸி ஆஸ்போர்னின் 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்' (1980), 'டைரி ஆஃப் எ மேட்மேன்' (1981) இரண்டுக்கும் 2002-இல் நடந்தது. பாப் டெய்ஸ்லி வாசித்த பேஸையும் லீ கெர்ஸ்லேக் வாசித்த டிரம்ஸையும் அழித்துவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் வைத்துப் புதிதாகப் பதிந்து சேர்த்தார்கள். இருவரும் தேர்ந்த கலைஞர்கள்தான். ஆனால் ராண்டி ரோட்ஸின் கிட்டார் அந்தப் பழைய தாளத்தோடு பேசிப் பதிவானது. அடியில் தாளம் மாறியதும் அந்தப் பேச்சு அறுந்துவிட்டது. 2011 பதிப்பில் பழைய வாசிப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1995 ரீமாஸ்டரிலும் பழைய ஆட்கள்தான். பின்னட்டையின் சிறு எழுத்தில் 2002 என்று பார்த்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ரீமிக்ஸ் என்றாலே ஒதுக்க வேண்டும் என்பதும் தவறு. ரஷ்ஷின் 'வேப்பர் டிரெயில்ஸ்' 2002-இல் காது வலிக்கும் அளவு நசுங்கி வந்தது. டேவிட் பாட்ரில் செய்த 2013 ரீமிக்ஸில்தான் அந்தப் பாடல்களுக்கு மூச்சு கிடைத்தது. டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' 1997 பதிப்பு நேர்மையான வழி: ராஜர் குளோவரின் ரீமிக்ஸ் ஒரு சி.டி.யில், பழைய கலவையின் ரீமாஸ்டர் இன்னொன்றில். கிஸ்ஸின் 'டிஸ்ட்ராயர்' ஆல்பத்தை பாப் எஸ்ரின் 2012-இல் ரீமிக்ஸ் செய்தபோது பெயரிலேயே 'ரிசரெக்டட்' என்று சேர்த்துவிட்டார்கள், குழப்பமில்லை.

கண்டுபிடிக்க எளிய வழி, பாட்டின் நீளம். முதல் வெளியீட்டின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று விநாடி வித்தியாசம் இயல்பு. இருபது முப்பது விநாடி என்றால் ரீமிக்ஸோ வெட்டோ மறுபதிவோ நடந்திருக்கிறது. மறுபதிவில் ஸ்ட்ரீமிங்கில்தான் அதிகம் ஏமாறுகிறோம். டெஃப் லெப்பர்ட் தங்கள் நிறுவனத்தோடு இருந்த தகராறால் 2012 முதல் சில பழைய பாடல்களை அச்சு அசலாகத் திரும்பப் பதிந்து வெளியிட்டார்கள். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு போட்டிருந்தால் அதை வாசிக்காமல் தாண்டாதீர்கள்.

சத்தம் கூடினால் தரம் கூடியது என்று நம்புவது

இரண்டு பதிப்புகளை அடுத்தடுத்துக் கேட்டால் சத்தமாக இருப்பதையே காது தேர்ந்தெடுக்கும். மனிதக் காதின் இயல்பு அது. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து வந்த பல ரீமாஸ்டர்கள் இந்த இயல்பை நம்பியே வியாபாரமாயின. மெல்லிய இடத்தைத் தூக்கி, உச்சத்தை லிமிட்டர் என்ற கருவியால் வெட்டி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். முதல் ஐந்து நிமிடம் பிரமாதமாக இருக்கும்; அரை மணி நேரத்தில் தலை வலிக்கும்.

சோதிக்க டீப் பர்ப்பிளின் 1970 ஆல்பம் 'இன் ராக்'கிலுள்ள 'சைல்ட் இன் டைம்' போதும். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. ஜான் லார்டின் ஆர்கன் மட்டும் மெதுவாகத் தொடங்கும், இயன் கில்லன் அடங்கிய குரலில் பாடுவார், பிறகு படிப்படியாக ஏறி வீறிடுவார். தொடக்கத்தில் ஆர்கன் இதமாகக் கேட்கும் அளவில் வால்யூமை வையுங்கள். பிறகு கை வைக்காதீர்கள். நல்ல பதிப்பில் அந்த வீறிடல் வரும்போது அறையே நிறையும், கை தானாக வால்யூம் குமிழுக்குப் போகும். நசுக்கிய பதிப்பில் குரல் உயரும், அறை நிறையாது. இயன் பெய்ஸின் ஸ்னேர் டிரம் அடியையும் கவனியுங்கள். 'டப்' என்று தெறிக்க வேண்டியது, அட்டையைத் தட்டியதுபோல் 'தப்' என்று அமுங்கினால் உச்சத்தை வெட்டியிருக்கிறார்கள்.

கணினியில் ஒப்பிடுவதானால் முறை இது. இரண்டு சி.டி.யையும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் ஃபிளாக் (தரம் குறையாத) கோப்பாக எடுங்கள். ஃபூபார்2000 என்ற பிளேயர் மென்பொருளில் இரண்டுக்கும் ரீப்ளேகெய்ன் (சத்தத்தை ஒரே மட்டமாக்கும் அளவு) கணக்கிட்டு, அதை இயக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இப்போது இரண்டின் சத்தமும் ஏறக்குறைய ஒன்று, வித்தியாசம் தரத்தில் மட்டும். சராசரிச் சத்தத்துக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளியை எண்ணாகக் காட்டும் டைனமிக் ரேஞ்ச் மீட்டரில் எழுபதுகளின் நல்ல ஹார்ட் ராக் சி.டி. பெரும்பாலும் 10-க்கு மேல் காட்டும். 7-க்குக் கீழே போனால் வாங்கும் முன் யோசியுங்கள். 2008-இன் மெட்டாலிகா ஆல்பம் 'டெத் மேக்னெட்டிக்' 3 பக்கம் நின்றது. அதில் நசுக்கல் மாஸ்டரிங்குக்கு முன்பே, மிக்ஸிலேயே நடந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை: ரெக்கார்டிலிருந்து எடுத்த கோப்பின் எண்ணைச் சி.டி. எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஒரே மாஸ்டரை ரெக்கார்டில் வெட்டி (பள்ளமாகப் பொறித்து) ஓட்டினாலும் ஊசியும் வெட்டும் முறையும் அலைவடிவத்தைச் சற்று மாற்றும். மீட்டர் இரண்டு மூன்று எண் கூடுதலாகக் காட்டும். அதை வைத்து ரெக்கார்டுக்கு நல்ல மாஸ்டர் தந்தார்கள் என்று முடிவுக்கு வருபவர்கள் ஏராளம்.

நாடு மாறினால் ஆல்பம் மாறும்

ஏசி/டிசியின் 'ஹை வோல்டேஜ்' 1975-இல் ஆஸ்திரேலியாவில் வந்தது வேறு, 1976-இல் மற்ற நாடுகளுக்கு வந்தது வேறு. இரண்டுக்கும் பொதுவாக இரண்டே பாடல்கள். நம் பக்கத்தில் நாசரெத் என்றாலே 'லவ் ஹர்ட்ஸ்' கேட்பார்கள். 1975-இன் 'ஹேர் ஆஃப் த டாக்' ஆல்பத்தின் அமெரிக்கப் பதிப்பில்தான் அது உண்டு. பிரிட்டிஷ் பதிப்பில் அந்த இடத்தில் 'கில்ட்டி' இருக்கும். 'இன் ராக்' ஆல்பத்தின் அமெரிக்க ரெக்கார்டில் 'ஸ்பீட் கிங்' பாட்டின் இரைச்சலான தொடக்கத்தை வெட்டிவிட்டார்கள். அயர்ன் மெய்டனின் முதல் ஆல்பத்துக்கு 1998-இல் வந்த சி.டி.யில் 'சாங்ச்சுவரி' நடுவே நுழைந்திருக்கும். 1980 பிரிட்டிஷ் ரெக்கார்டில் அது கிடையாது. கூடுதல் பாட்டு கிடைத்தது லாபம்தானே என்று தோன்றலாம். பக்கம் ஒன்று எங்கே முடிகிறது, இரண்டு எங்கே தொடங்குகிறது என்பது ஹார்ட் ராக் ஆல்பத்தின் கட்டுமானம். நடுவில் செருகுவதைவிடக் கடைசியில் சேர்ப்பதே மேல்.

180 கிராம் என்ற ஒட்டுத்தாள்

தட்டின் எடை கூடுவதால் ஒலித்தரம் உயர்ந்துவிடாது. தட்டு கொஞ்சம் உறுதியாக இருக்கும், அவ்வளவுதான். எந்த டேப்பிலிருந்து யார் வெட்டினார்கள் என்பதுதான் கேள்வி. 'ஒரிஜினல் மாஸ்டர் டேப்' என்ற வாசகமும் இடையில் டிஜிட்டல் படி இல்லை என்பதற்கு உத்தரவாதமில்லை. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் பல ரெக்கார்டுகளுக்கு டிஜிட்டல் பிரதியைப் பயன்படுத்தியது 2022-இல்தான் வெளியே தெரிந்தது. அந்த ரெக்கார்டுகள் நன்றாகவே ஒலிக்கின்றன. வாங்கியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

பழைய தட்டில் பார்க்க வேண்டிய இடம் லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கீறிய எழுத்துகள் தெரியும். லெட் செப்பலின் இரண்டாம் ஆல்பத்தின் (1969) அமெரிக்கப் பதிப்பில் ஆர்.எல். என்ற கீறல் இருந்தால், அது ராபர்ட் லுட்விக் வெட்டியது. பேஸ் கனம் தாங்காமல் மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளியதால் அந்த வெட்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பக்கத்திலும் ஆர்.எல். இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருக்கும் தட்டுகளும் உண்டு.

ரெக்கார்டைக் குறை சொல்லும் முன் ஊசியைப் பாருங்கள்

பக்கத்தின் கடைசிப் பாட்டு கரகரப்பது வெறும் தேய்மானமாக இருக்காது. 33⅓ வேகத்தில் வெளி விளிம்பில் விநாடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. நீளப் பள்ளம் ஊசியைக் கடக்கிறது. லேபிள் அருகே 21 செ.மீ. தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் திணிக்கும்போது, சரியாக அமையாத ஊசியால் பின்தொடர முடியாது. கோணம் பார்க்கும் அலைன்மென்ட் தாளை அச்சிட்டு, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிசெய்யுங்கள்.

ஊசி அழுத்தும் எடையைக் குறைத்தால் ரெக்கார்டு தேயாது என்று நினைப்பது பெரிய தவறு. எடை போதாத ஊசி பள்ளத்தில் நிற்காமல் சுவருக்குச் சுவர் மோதும். சேதம் அதில்தான் அதிகம். ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் என்றால் 2.0 கிராம், 1.8-க்குக் கீழே போகக் கூடாது. சிறிய டிஜிட்டல் தராசு வாங்கி அளந்து வையுங்கள். சூட்கேஸ் வடிவ பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் 5 கிராமும் அதற்கு மேலும் அழுத்தும். நல்ல தட்டை அதில் போடாதீர்கள்.

ஒலி மொத்தமாகச் சிதறினால், ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே உள்ள டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ சாக்கெட்டில் சொருகியிருப்பீர்கள். ஆக்ஸ் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். மெலிந்து, பேஸே இல்லாமல் கேட்டால் நிலைமை நேர்மாறு.

மழையும் பூஞ்சணமும்

நம் பக்கத்தில் தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே பெய்கின்றன. ஜூன் முதல் டிசம்பர் வரை அலமாரி முழுக்கக் காய்வதே இல்லை. அட்டை உறைதான் முதலில் பூக்கும். பிறகு உள்ளுறைத் தாள் வழியே தட்டில் சாம்பல் நிறப் புள்ளியாக இறங்கும். இதைப் பார்த்ததும் முற்றத்தில் வெயில் காய வைக்கிறார்கள். அட்டை தப்பும், தட்டு வளைந்துவிடும். வளைந்த பி.வி.சி.யை வீட்டில் நிமிர்த்துவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

செய்ய வேண்டியது வேறு. மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் மெல்லிய தூரிகையால் உலர்ந்த பூஞ்சணத்தைத் தட்டுங்கள். நாலு பங்கு காய்ச்சி வடித்த நீருக்கு ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் திசையிலேயே சுற்றித் துடையுங்கள். லேபிளில் படக் கூடாது. பிறகு காய்ச்சி வடித்த நீரில் மட்டும் நனைத்த இன்னொரு துணியால் மறுபடி துடைத்து, ஃபேன் காற்றில் இருபது நிமிடம் நிறுத்திக் காய வையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்தபின் உப்பு பள்ளத்தில் தங்கும். பரணில் தாத்தா காலத்து 78 சுழற்சி அரக்குத் தட்டுகளும் கலந்து கிடந்தால் அவற்றில் ஆல்கஹால் படவே கூடாது, கரைந்துவிடும்.

பழைய உள்ளுறைத் தாளைத் திரும்பப் போடாதீர்கள். அச்சிட்ட உள்ளுறை என்றால் தனியாக வையுங்கள். உள்ளே எச்.டி.பி.ஈ. (ஒருவகை பிளாஸ்டிக்) உறை, வெளியே பாலிபுரோப்பிலீன் உறை. கனமான பளபளப்பான பி.வி.சி. உறை வேண்டாம், வெக்கையில் அது தட்டோடு ஒட்டி, துடைத்தாலும் போகாத மங்கல் படலத்தை விட்டுச் செல்லும். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தட்டுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். சிலிகா ஜெல் போட்டாலும் மாதம் ஒருமுறை சூடாக்கி ஈரம் போக்காவிட்டால் பயனில்லை.

சி.டி.க்கு ஈரம் அவ்வளவு பிரச்சினை இல்லை. பிரிட்டனில் பி.டி.ஓ. ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிலவற்றில் மட்டும் ஓரத்திலிருந்து வெண்கல நிறம் ஏறி, கடைசிப் பாட்டிலிருந்து கெடத் தொடங்கும். அப்படி ஒன்று கையில் இருந்தால் இன்றே கோப்பாக எடுத்துவிடுங்கள். கொச்சியின் மதர்ஜேன் குழு வெளியிட்ட 'மக்தூப்' (2008) போன்ற நம் பக்கத்துச் சி.டி.களையும் அப்படியே எடுத்து வைப்பது நல்லது.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது சுங்க வரி தட்டின் விலைக்கு மட்டுமில்லை, அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்காகும். ஒவ்வொன்றாக வரவழைப்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பொதியாக வாங்கினால் அனுப்பும் செலவு பங்காகும். தட்டை அட்டை உறையிலிருந்து எடுத்து, உள்ளுறையோடு தனியாக அட்டைக்குப் பின்னால் வைத்து அனுப்பச் சொல்லிக் குறிப்பு எழுதுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் தட்டு ஆடி, உறையின் மேல் விளிம்பைக் கிழித்துக்கொண்டுதான் வரும். மழை நாளில் பொதி வந்தால் உடனே பிரித்து, அட்டையும் தட்டும் ஒரு நாள் அறைக்காற்றில் இருந்தபின் புது உறையில் போடுங்கள்.