சுடோகு: யூகிக்காமல் முடிப்பது எப்படி?

சுடோகு என்றதும் கணக்குப் பாடம் ஞாபகம் வந்து ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. இதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. எண்களுக்குப் பதில் ஒன்பது எழுத்துகளைப் போட்டாலும் புதிர் அப்படியேதான் இருக்கும். எதற்கு எங்கே இடம் என்பதுதான் கேள்வி.

மொத்தம் 81 கட்டங்கள்: 9 வரிசை, 9 நெடுவரிசை, மூன்றுக்கு மூன்றாக 9 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை ஒரே ஒரு முறை வர வேண்டும். விதி அவ்வளவுதான். சரியாக அமைத்த புதிருக்கு ஒரே விடைதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு எண்ணையும் காரணத்தோடு வைக்க முடியும். இந்த விளையாட்டின் நிறைவே அதில்தான் இருக்கிறது. யூகித்து நிரப்பினால் அது கிடைக்காது.

முதலில் 35 எண்களுக்கு மேல் கொடுத்திருக்கும் ‘எளிது’ வகைப் புதிரை எடுங்கள். பேனா வேண்டாம், பென்சிலும் ரப்பரும் போதும்.

படி 1: அதிகம் வந்திருக்கும் எண்ணிலிருந்து தொடங்குங்கள். 7 ஐந்தாறு இடங்களில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள மூன்று பெட்டிகளைப் பாருங்கள். இடது பெட்டியில் 7 முதல் வரிசையில், நடுப் பெட்டியில் இரண்டாம் வரிசையில். அப்படியானால் வலது பெட்டியின் 7 மூன்றாம் வரிசையில்தான் உட்கார முடியும். அங்கே உள்ள மூன்று கட்டங்களில் இரண்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் மிச்சமுள்ளது 7. இப்படியே கீழ்நோக்கியும் பாருங்கள். எளிய புதிரில் பாதிக்கு மேல் இந்த ஒரு வழியிலேயே நிரம்பிவிடும்.

படி 2: அடுத்து, ஏறக்குறைய நிரம்பிய வரிசைகள். ஒரு வரிசையில் 4, 7, 9 மட்டும் பாக்கி என்றால், முதல் காலிக் கட்டத்தின் நெடுவரிசையைப் பாருங்கள். அதில் 4, 9 இரண்டும் இருந்தால் அந்தக் கட்டம் 7. அடுத்த காலிக் கட்டத்தின் நெடுவரிசையில் 9 இருந்தால் அங்கே 4, கடைசியில் 9. ஒரு எண் விழுந்ததும் அடுத்தடுத்து இரண்டு தானாக விழும் அந்த நொடிக்காகவே பலர் தினமும் விளையாடுகிறார்கள்.

படி 3: இரண்டும் நின்றுபோனால்தான் குறிப்பு எண்கள். கட்டத்தின் மூலையில், அங்கே வரக்கூடியவற்றைச் சின்னதாக எழுதுங்கள். எடுத்ததுமே எல்லாக் கட்டத்திலும் எழுதினால் தாள் கறுத்துப்போய் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒரு பெட்டியில் ஒரு எண்ணுக்கு இரண்டே இடம் என்னும்போது மட்டும் எழுதுவது நல்லது.

படி 4: இரட்டைகளைத் தேடுங்கள். ஒரே பெட்டியில் இரண்டு கட்டங்களுக்கு 3, 8 மட்டுமே பொருந்துகிறது என்றால், எது எங்கே என்று தெரியாவிட்டாலும் அந்த இரண்டு எண்களும் அங்கே போய்விட்டன. அதே பெட்டியில் 3, 5, 8 மட்டுமே வரக்கூடும் என்றிருந்த இன்னொரு கட்டம் இப்போது 5.

தவறு பெரும்பாலும் இரண்டு காரணங்களால் வருகிறது. வரிசையையும் நெடுவரிசையையும் பார்த்துவிட்டுப் பெட்டியை மறப்பது ஒன்று. எண்ணை வைத்தபின் அதே எண்ணின் பழைய குறிப்புகளை அழிக்காமல் விடுவது இன்னொன்று. ஒரே வரிசையில் இரண்டு 6 தென்பட்டால் அந்த இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை. பிழை பத்து எண்களுக்கு முன்பே நடந்திருக்கலாம். நீங்கள் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் சீக்கிரமான வழி.

முடித்தபின் சரிபார்க்க, வரிசையைக் கூட்டி 45 வருகிறதா என்று பார்ப்பார்கள். அது போதாது. 4, 6 இருக்க வேண்டிய இடத்தில் 5, 5 இருந்தாலும் 45தான் வரும். 1-இல் தொடங்கி ஒவ்வோர் எண்ணும் வரிசைக்கு ஒன்று, நெடுவரிசைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.