கொதிக்கிற தண்ணீர் 97 காட்டினால் சென்சார் கெட்டுவிட்டதா?

ஊரில் இன்ஸ்ட்ருமென்டேஷன் (தொழிற்சாலையில் வெப்பம், அழுத்தம் போன்றவற்றை அளக்கும் கருவிகளின் படிப்பு) டிப்ளமோ முடித்துவிட்டு பெங்களூரு பீனியாவிலோ பொம்மசந்திராவிலோ வேலைக்குச் சேரும் நம் பையன்கள் சிலர் இப்படிச் செய்வதுண்டு. பிடி100 சென்சார் (0 டிகிரியில் 100 ஓம் மின்தடை காட்டும் பிளாட்டினம் வெப்ப சென்சார்) சரியாக இருக்கிறதா என்று பார்க்க கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் விடுவார்கள். டிஸ்பிளே 97-ல் நிற்கும். உடனே கன்ட்ரோலரில் 3 டிகிரி ஆஃப்செட் போட்டு 100 ஆக்கிவிட்டு, "கேலிபரேஷன் முடிஞ்சுது சார்" என்பார்கள்.

சென்சார் சரியாகத்தான் சொன்னது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் இங்கே 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 100 என்பது சென்னைக் கணக்கு. அந்த ஆஃப்செட்டுக்கு அப்புறம் மீட்டர் எல்லா ரீடிங்கிலும் 3 டிகிரி கூட்டியே சொல்லும். 60-ல் ஓட வேண்டிய பிளேட்டிங் (முலாம் பூசும்) டேங்க் 57-ல் ஓடும், பழி கெமிக்கல் சப்ளையர் மேல் விழும். சோதிக்க ஐஸ் போதும். நொறுக்கிய ஐஸையும் கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டரையும் ஒரு பிளாஸ்கில் போட்டுக் கலக்கினால் 0 டிகிரி. எந்த ஊர் உயரமும் அதைப் பெரிதாக மாற்றாது. அதில் வைத்த பிடி100 மல்டிமீட்டரில் 100 ஓம் பக்கத்தில் காட்டினால் சென்சார் சரி, அதில் கை வைக்காதீர்கள்.

வேக்குவம் கேஜிலும் இதே சிக்கல்தான். அது சுற்றியுள்ள காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டே அளக்கிறது. ஆகவே இங்கே எவ்வளவு நல்ல பம்ப் போட்டாலும் 680 மி.மீ. பாதரசம் பக்கத்தில் முள் நின்றுவிடும். 760 வரவில்லையே என்று பம்பைக் கழற்றுவது வீண் வேலை. அழுத்தத்தை அளந்து சிக்னலாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் ஆர்டர் போடும்போதும், சுற்றியுள்ள காற்றழுத்தத்தோடு ஒப்பிடும் கேஜ் பிரஷரா, முழு வெற்றிடத்திலிருந்து எண்ணும் அப்சல்யூட்டா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது வயர். பாதிப் புகார்கள் இங்கேதான் பிறக்கின்றன என்பது என் அபிப்பிராயம். பிடி100-ல் 1 டிகிரிக்கு மாறுவது வெறும் 0.385 ஓம். கேபிளே 1 ஓம் சேர்த்தால் ரீடிங் இரண்டரை டிகிரி ஏறிவிடும். கேபிளின் ஓமைக் கண்டுபிடித்துக் கழிக்கத்தான் மூன்றாவது வயர். ஆனால் பேனலைத் திறந்தால் இரண்டு கோர் கேபிள்தான் வந்திருக்கும், மூன்றாவது டெர்மினலில் ஒரு குட்டி ஜம்பர் போட்டு கன்ட்ரோலரை ஏமாற்றியிருப்பார்கள்.

தெர்மோகப்பிளில் (இரண்டு வேறு உலோக வயர்களைச் சேர்த்துச் செய்த வெப்ப சென்சார்) இன்னும் மோசம். கைவசம் இருக்கிற செம்பு வயரை வைத்து நீட்டிவிடுவார்கள். செம்பு எங்கே தொடங்குகிறதோ அங்கேயே தெர்மோகப்பிள் முடிந்துவிடுகிறது. ஃபர்னஸ் பக்கத்தில் செம்பு வயர் இணையும் ஹெட் 60 டிகிரி, பேனல் 30 டிகிரி என்றால் ரீடிங்கில் சுமார் 30 டிகிரி குறையும். அந்த வகைக்கு உரிய காம்பன்சேட்டிங் கேபிள்தான் வேண்டும். கலரையும் பாருங்கள்: அமெரிக்க முறையில் சிவப்புதான் மைனஸ். எலக்ட்ரீஷியன் பழக்கத்தில் சிவப்பைப் பிளஸ்ஸில் மாட்டினால், ஃபர்னஸ் சூடாகச் சூடாக ரீடிங் இறங்கும்.

டிரான்ஸ்மிட்டர் அளவைக் கரண்டாக அனுப்பும் 4-20 மில்லிஆம்பியர் சிக்னலில் பூஜ்யம் என்பது 4. பிஎல்சியில் (மெஷின்களை ஓட்டும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்) ஸ்கேலிங்கை 0-20 என்று போட்டுவிட்டால் காலி டேங்க் 20 சதவீதம் காட்டும். லூப்பில் (அந்த சிக்னல் ஓடும் வயர்ச் சுற்றில்) 0 வந்தால் டேங்க் காலி என்று அர்த்தமில்லை, வயர் அறுந்திருக்கிறது அல்லது சப்ளை இல்லை. ஆரிஃபிஸ் (குழாய்க்குள் வைக்கும் ஓட்டைத் தகடு) போட்ட ஃப்ளோ மீட்டரில் அழுத்த வித்தியாசத்திலிருந்து ஃப்ளோவைக் கணக்கிட வர்க்கமூலம் எடுக்க வேண்டும், அதுவும் ஒரே இடத்தில். டிரான்ஸ்மிட்டரிலும் பிஎல்சியிலும் இரண்டு தடவை எடுத்தால் 50 சதவீத ஃப்ளோ 70-ஐத் தாண்டிக் காட்டும். எண்ணெய், தண்ணீர் பில் போடுகிற இடத்தில் இது சண்டையில் போய் முடியும். சிக்னல் கேபிளின் ஷீல்டை (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) வழக்கமாக ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

வேலை தேடுபவர்களுக்கு ஒரு விஷயம். பெங்களூரு ஐடி கம்பெனிகளின் விளம்பரத்திலும் இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று வரும். அங்கே அது புரோகிராம் ஓடும்போது எங்கே எவ்வளவு நேரம் எடுக்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்று அளக்க அந்தப் புரோகிராமுக்குள்ளேயே வைக்கும் ஏற்பாடு. விளம்பரத்தில் பிஎல்சி, ஃபீல்டு, லூப் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ரெஸ்யூமே அனுப்புங்கள்.

கடைசியாக கேலிபரேஷன் சர்டிபிகேட். என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபைலில் சொருகுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மீட்டர் எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்பதைத்தான் சர்டிபிகேட் சொல்கிறது, மீட்டர் சரியானது என்று அல்ல. பிழை எவ்வளவு என்ற கட்டத்தைப் படித்து, உங்கள் வேலைக்கு அது தாங்குமா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள். அட்ஜஸ்ட் செய்வதற்கு முன் எடுத்த ரீடிங்கையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பத்து டிகிரி தப்பாக இருந்த மீட்டரைச் சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்துவிட்டால், போன மாதம் அதை நம்பி அனுப்பிய சரக்கைத் திரும்ப வரவழைக்க வேண்டுமா என்று முடிவெடுக்க உங்கள் கையில் எந்தக் கணக்கும் இருக்காது.