வானம் தோண்டுவதற்கு முன்னால்

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, தேவிபட்டினம், மண்டபம் என்று எந்தப் பக்கம் போனாலும் கல் நட்ட பிளாட்டுகள்தான். வீடு கட்டாதீர்கள் என்று நான் சொல்ல முடியாது. கட்டட மேஸ்திரிக்குப் பிழைப்பே அதுதான். ஆனால் நேற்று வரை கீரியும் சாரையும் ஓடிய மண்ணில் கட்டுகிறோம். அதற்குத் தக்கபடி கட்டலாமே.

முதலில் ஜேசிபி. நாலு பக்கமும் வளைத்துத் தள்ளினால் உள்ளே இருப்பதெல்லாம் நடுவில் மாட்டிக்கொள்ளும், தப்பியது பக்கத்து வீட்டு அடுப்படிக்குப் போகும். ரோட்டோரத்தில் ஆரம்பித்து, காடு மிச்சமிருக்கிற பக்கமாக மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுங்கள், எனக்கு அதில் வருத்தமே இல்லை.

பனையை விட்டுவிடுங்கள். அதை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். காய்ந்து தொங்கும் காவோலையைத் திருப்பிப் பாருங்கள்: உழவாரன் குருவி இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிச் சின்னதாகக் கூடு வைத்திருக்கும். காற்றில் ஓலை ஆடினாலும் விழாதபடி முட்டையையும் எச்சிலாலேயே ஒட்டியிருக்கும். அழகுக்காக ஓலையைக் கழிக்கச் சொல்கிறவர்களிடம் இதைக் காட்டுவேன். பாதிப் பேர் அப்புறம் ஓலையைத் தொடுவதில்லை.

வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், தோண்டிவிட்டு ராத்திரி அப்படியே போட்டுவிட்டு வருவோம். தவளை, ஓணான், சில நாள் கட்டுவிரியன்கூட உள்ளே விழுந்து கிடக்கும். ஒரு பலகையைச் சரிவாகச் சாய்த்து வையுங்கள், ஏற முடிந்தது ஏறிப் போய்விடும். காலையில் ஆள் இறங்கும் முன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். செங்கல் அடுக்கில் வெறுங்கையை விடாதீர்கள். சுருட்டை விரியனுக்கு அந்த இடுக்கு ரொம்பப் பிடிக்கும். பாம்பைக் கண்டால் அடிக்க வேண்டாம், தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் கூடாது. 108தான்.

காம்பவுண்ட் சுவரில் தரையோடு தரையாக ஒரு சாண் ஓட்டை விடச் சொல்வேன், தண்ணீர் வடிகிற பக்கம். கண்மாய்க்குத் தண்ணீர் போன பாதையில்தான் இங்கே நிறைய மனை பிரித்திருக்கிறார்கள். மழைக்குத் தண்ணீரும் போகும், தவளையும் கீரியும் போகும். "பாம்பு வந்துடுமே மேஸ்திரி?" என்பார்கள். சரி, கேட்டுக்கு அடியில் இருக்கிற சந்தை என்ன செய்வீர்கள்? பாம்பு எப்படியும் வரும், கீரி வர வழியிருப்பது நல்லதுதான்.

கடலைப் பார்த்த வீடென்றால் விளக்கு. தனுஷ்கோடி, மண்டபம் கரையில் பங்குனி ஆமை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும். 45 முதல் 60 நாளில் பொரியும். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது, ஆனால் எல்லாக் குழியும் கண்ணில் படாது. ராத்திரி மணலை விட்டு வெளியே வரும் குஞ்சு, வெளிச்சம் எங்கேயோ அங்கே நகரும். கடல்தான் வெளிச்சமாக இருக்க வேண்டும். உங்கள் மொட்டை மாடி எல்இடி அல்ல. கடல் பக்க விளக்கைத் தாழ்வாக, மூடி போட்டு, கீழே பார்த்து, மஞ்சள் நிறத்தில் வையுங்கள். அதற்குத் தனி சுவிட்ச் வேண்டுமென்று வயர் இழுக்கும்போதே எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள். பூச்சு முடிந்த பிறகு கேட்டால் சுவரை உடைக்க வேண்டி வரும், கூலியும் இரட்டிப்பு.