ஹலாயுதரின் மேரு பிரஸ்தாரம்: நாமே வரைந்து பார்ப்போம்

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹலாயுதர், பிங்கலர் இயற்றிய சமஸ்கிருத யாப்பு நூலான சந்தஸ் சூத்திரத்துக்கு ‘மிருதசஞ்சீவினி’ என்ற உரையை எழுதினார். மிகச் சுருக்கமான சூத்திரம் ஒன்றை விளக்கும்போது அவர் காட்டிய எண் அடுக்கே மேரு பிரஸ்தாரம். ஓரடியில் இத்தனை அசைகள் இருந்தால், அவற்றுள் குரு எனப்படும் நீண்ட அசை இத்தனை முறை வரும் அமைப்புகள் எத்தனை என்பதை அது சொல்லிவிடும். இதை வரையக் கட்டம் போட்ட தாள் ஒன்று போதும்.

முதலில் லகு (குறுகிய அசை), குரு என்ற இரண்டையும் பிரித்தறிய வேண்டும். குறில் உயிர் தனித்து நின்றால் லகு, நெடில் குரு. குறிலே ஆனாலும் அதை அடுத்துக் கூட்டெழுத்து வந்தாலோ, அது அனுஸ்வாரமோ (‘ம்’ போன்ற மூக்கொலி) விசர்க்கமோ (இறுதியில் வரும் ‘ஹ’ போன்ற மூச்சொலி) பெற்றாலோ குருவாகிவிடும். தமிழ் யாப்பின் நேர், நிரைப் பகுப்போடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே இரு குறில் இணைந்து ஓரசையாகும், இங்கே ஒவ்வோர் உயிரும் தனி அசை.

இனி வரையலாம். தாளின் உச்சியில் ஒரு கட்டம் போட்டு 1 என்று எழுதுங்கள். அதன்கீழ், இருபுறமும் பாதி நீட்டிக்கொண்டிருக்கும்படி இரண்டு கட்டங்கள், அதன்கீழ் மூன்று, இப்படியே ஏழு கட்டங்கள் கொண்ட வரிசை வரை இறங்குங்கள். ஒவ்வொரு வரிசையின் இரு ஓரங்களிலும் 1 எழுதியபின், நடுக்கட்டம் ஒவ்வொன்றிலும் அதன் தலைக்கு மேலுள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை எழுதுங்கள். இரண்டு கட்ட வரிசை ஓரசைக்கும், மூன்று கட்ட வரிசை ஈரசைக்கும் உரியது என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பலரும் தடுமாறுவது இந்த ஒரு கட்ட வேறுபாட்டில்தான்.

இப்போது மூவசை வரிசையைச் சோதிப்போம்: 1, 3, 3, 1. சமஸ்கிருத யாப்பில் கணம் எனப்படும் மூவசைத் தொகுதிகள் எட்டும் இதற்குள் அடங்குவதைக் காணும்போதுதான் இந்த அடுக்கின் அழகு புலப்படும். மூன்றும் குருவான ‘ம’ ஒன்று. இரு குரு உடைய ‘ய’, ‘ர’, ‘த’ மூன்று. ஒரே குரு உடைய ‘ஸ’, ‘ஜ’, ‘ப’ மூன்று. குருவே இல்லாத ‘ந’ ஒன்று.

கடைசி வரிசை ஆறசை அடிக்குரியது: 1, 6, 15, 20, 15, 6, 1. கூட்டினால் 64 வர வேண்டும். வராவிட்டால் மேல்வரிசைகளிலிருந்து கூட்டலைச் சரிபாருங்கள். சரியாக இரண்டு குரு மட்டும் வரும் அமைப்புகள் 15. லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு என்பதால், அந்தப் பதினைந்தும் எட்டு மாத்திரை உடையவை. அவை எவையெவை என்று அறிய, லகு குருக்களை மாற்றி மாற்றி வரிசையாக எழுதிப் பார்க்கும் பிரஸ்தார முறைக்குத்தான் போக வேண்டும்.